மூட்டை கிடந்த மாடி

நியூயார்க்கின் சோஹோவில் வாடகைக்கு வரும் சொகுசு 'லாஃப்ட்' வீடுகளின் விளம்பரங்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும்: உயர்ந்த கூரை, பெரிய பெரிய ஜன்னல்கள், பூசாத செங்கல் சுவர், நடுவே வார்ப்பிரும்புத் தூண்கள். இவற்றில் ஒன்றுகூட மனிதர் குடியிருப்பதற்காக வைத்ததல்ல.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலும் ஜவுளி வணிகத்துக்காகக் கட்டிய கிடங்குகள் இவை. மனை பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி ஆழம். இருபுறமும் அடுத்த கட்டடம் ஒட்டி நிற்பதால் முன்னும் பின்னும்தான் வெளிச்சம். முகப்பை வார்ப்பாலையில் துண்டு துண்டாக வார்த்து, கொண்டுவந்து முடுக்கினார்கள். இரும்பு சுமை தாங்கியதால் சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்க முடிந்தது. மேலே கல் நிறத்தில் சாயம். கல்லா இரும்பா என்று அறிய இன்றும் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

வணிகம் நகரின் வடக்கே நகர்ந்தது. அந்த மாடிகளில் தையல் கூடங்களும் காகிதக் கிடங்குகளும் வந்தன. அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் அந்த வட்டாரத்துக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று பெயர் வைத்தார்கள். போதாததற்கு, அதன் குறுக்கே கட்டடங்களை இடித்து விரைவுச்சாலை போட மாநகரின் சக்திவாய்ந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்டிருந்தார். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்துப் போராட, 1969இல் திட்டம் கைவிடப்பட்டது. இடிபடப்போகும் கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? வாடகை சரிந்தது. ஓவியர்கள் வந்தார்கள்.

அப்போது அங்கே வசிப்பது சட்டவிரோதம். பட்டறை நேரம் முடிந்ததும் வெப்பமூட்டியை நிறுத்திவிடுவார்கள். அதிகாரி வந்தால் படுக்கையை ஒளித்துவைக்க வேண்டும். 1961இல் மாநகரம் சற்று இறங்கிவந்தது: எந்த மாடியில் ஓவியர் இருக்கிறார் என்று வாசலில் பலகை மாட்டினால் போதும், தீ விபத்தில் தேட வசதியாக இருக்கும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் மசியூனஸ். லித்துவேனியாவில் பிறந்தவர், ஃப்ளக்சஸ் கலை இயக்கத்தைத் தொடங்கியவர். 1967இல் வூஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டடத்தை வாங்கிக் கலைஞர்களின் கூட்டுறவாக்கினார். கீழ்த்தளத்தில் திரைப்படக் கலைஞர் யோனாஸ் மேகஸின் திரையரங்கம். அனுமதி வாங்காமல் நடைபாதையில் மரம் நட்டார். அரசு வழக்கறிஞர்கள் துரத்தியபோது கதவில் கில்லட்டின் கத்திகளைப் பொருத்திவைத்தார். 46 வயதில் இறந்துபோனார்; காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

1971இல் சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் மட்டும் வசிக்கலாம் என்று சட்டம் வந்தது. 1973இல் பகுதியின் பெரும்பாகம் பாரம்பரிய வட்டாரமானது. அனுமதியின்றி முகப்பைத் தொட முடியாது, வாடகைக்கு அந்தத் தடை கிடையாது. காட்சிக்கூடங்களும் அவற்றின் பின்னால் விலையுயர்ந்த கடைகளும் வந்தன. மாடிகள் சொகுசு வீடுகளாயின. படுக்கையறைக்கு ஜன்னல் கட்டாயம். ஆகவே படுக்கையறைகள் இரு முனைகளுக்கும் போக, மூட்டைகள் கிடந்த இருண்ட நடுப்பகுதி பளிங்குக் குளியலறையாயிற்று. சரக்கு மின்தூக்கி சாவி போட்டால் நேரே கூடத்தில் வந்து திறக்கிறது.

கலைஞர் சான்றிதழ் விதி மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது. சான்றிதழ் இல்லாமல் குடிவருபவர்களிடம், விதி தெரியும், விளைவு தங்களுடையது என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கமாயிற்று. 2021இல் மாநகரம் வழி சொன்னது: சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குக் கட்டினால் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம். 2,500 சதுர அடி மாடிக்கு இரண்டரை லட்சம் டாலர். உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள்.