வரைபடத்தின் வகை சட்டமான கதை: ஒனைடா கவுண்டி, 1933

(நீண்ட பதிவு. நிலவியல், வரலாறு, சமூக மொழியியல் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1933ஆம் ஆண்டு மே 16 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஒனைடா கவுண்டியின் ஆட்சி மன்றம் ஓர் ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. கவுண்டியின் நிலம் மூன்று மண்டலங்களாக வகுக்கப்பட்டது: காட்டு மண்டலம், பொழுதுபோக்கு மண்டலம், கட்டுப்பாடற்ற மண்டலம். காட்டு மண்டலத்தில் இனிப் புதிதாக எவரும் உழவு செய்யலாகாது. ஆண்டு முழுதும் குடியிருக்க வீடு கட்டலாகாது. பொழுதுபோக்கு மண்டலத்தில் வீடு கட்டலாம், விடுதி நடத்தலாம், உழவு கூடாது. கட்டுப்பாடற்ற மண்டலத்தில் எதுவும் செய்யலாம். அந்நாட்டின் முதல் ஊரக மண்டலச் சட்டம் என்று வரலாற்று நூல்கள் இதையே குறிப்பிடுகின்றன.

நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் நகரத்திலிருந்தே படிக்கிறோம். 1916இல் நியூயார்க் நகரம் மண்டலச் சட்டம் இயற்றியது. 1924இல் மத்திய வணிகத்துறை மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டமொன்றை வெளியிட்டது. 1926இல் ஓஹாயோவின் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டலமிடும் அதிகாரத்தை ஏற்றது. தொழிற்சாலைக்கு ஓரிடம், குடியிருப்புக்கு ஓரிடம் என்று பிரிப்பதே அங்கு நோக்கம். ஒனைடாவில் நடந்தது முற்றிலும் வேறு. ஆலைப்புகை வீட்டருகே வராமல் தடுப்பது அங்கே கேள்வியாக இல்லை. ஒரு மனிதன் தன் சொந்த நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடலாமா என்பதே கேள்வி. உழவைத் தடைசெய்யும் ஒரு சட்டத்தை, உழவை நாகரிகத்தின் அடையாளமாகக் கொண்டாடிய ஒரு நாடு ஏன் இயற்றியது?

விடை காட்டில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட விஸ்கான்சினின் வெள்ளைப் பைன் காடுகளை மரக் கம்பெனிகள் வெட்டித் தீர்த்தன. அம்மரம் சிகாகோவிலும் மேற்குச் சமவெளிகளிலும் வீடுகளாயிற்று. எஞ்சியவை வேர்க்கட்டைகளும் கிளைக்கழிவுகளும், அவற்றில் பற்றிய தீயுமே. இவ்வாறு வெட்டி முடிக்கப்பட்ட நிலப்பரப்புக்குக் 'கட்ஓவர்' என்று பெயர் நிலைத்தது. கவனிக்க வேண்டிய சொல் இது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் அதன் மண்ணாலோ நீராலோ மக்களாலோ அல்லாமல், அதற்கு நேர்ந்த ஒரு செயலால் மட்டும் பெயர் அமைந்தது. அதைச் செய்தவர் யார் என்பதும் அப்பெயரில் இல்லை. மொழியியலார் வினைமுதல் மறைந்த செயப்பாட்டுவினை என்று கூறுவதை இங்கே ஒரு நிலப்பரப்பின் அளவில் காண்கிறோம்.

மரம் தீர்ந்த நிலத்தைக் கம்பெனிகள் விற்க முனைந்தன. கோடரி சென்ற வழியே கலப்பை செல்லும் என்பது அக்கால நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு அறிவியலின் முத்திரையை வழங்கியது மாநிலப் பல்கலைக்கழகம். அதன் வேளாண் கல்லூரித் தலைவர் வில்லியம் ஹென்றி, 1896இல் வீடு தேடுவோருக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். வட விஸ்கான்சின் வளமான பண்ணை நாடாகும் என்று படங்களோடு அது எடுத்துரைத்தது. போலந்து, ஃபின்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வந்த எளிய குடும்பங்கள் சிறுசிறு நிலங்களை வாங்கிக் குடியேறின. கென்டக்கி மலைப்பகுதியிலிருந்தும் சிலர் வந்தனர். பனியாறு விட்டுச்சென்ற கற்கள், குறுகிய பயிர்க்காலம், அகற்றவே முடியாத வேர்க்கட்டைகள் என்று நிலம் அவர்களை எதிர்த்து நின்றது. முதல் உலகப் போரில் எஞ்சிய வெடிமருந்து, வேர்க்கட்டைகளைத் தகர்ப்பதற்காக விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது என்பது அந்த உழைப்பின் கடுமையைச் சொல்லும்.

1920களில் விளைபொருள் விலை சரிந்தது. மரக் கம்பெனிகள் விற்காத நிலத்துக்கு வரி கட்டுவதை நிறுத்தின. குடியேறிகள் பலராலும் கட்ட இயலவில்லை. வரி கட்டாத நிலம் கவுண்டியின் கைக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்க ஆளில்லை. அதேவேளையில் காட்டின் நடுவே தனித்திருந்த ஒரு வீட்டுக்காகவும் கவுண்டி சாலை அமைக்க வேண்டும், பனியை அகற்ற வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும். வருவாய் சுருங்கச் செலவு நின்றபடியே நின்றது. சிதறிய குடியிருப்புகளை ஓரிடத்தில் சேர்த்தால் கவுண்டி பிழைக்கும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

இந்த எண்ணத்துக்கு மூன்று துணைகள் கிடைத்தன. முதலாவது கோட்பாடு: மாடிசனில் ரிச்சர்ட் ஈலியும் ஜார்ஜ் வேர்வைனும் வளர்த்த நிலப் பொருளியல். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய மிக உயர்ந்த பயன் ஒன்று உண்டு, அதை ஆய்வின்வழி கண்டறியலாம் என்பது அதன் அடிப்படை. இரண்டாவது சட்டம்: 1923இல் கவுண்டிகளுக்கு மண்டலமிடும் அதிகாரத்தை அளித்த விஸ்கான்சின், 1929இல் அதை உழவு, காடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கும் விரித்தது. இடையே 1927இல் வந்த காட்டுப்பயிர்ச் சட்டம், மரம் வளர்க்கும் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்துச் சென்ட் என்ற குறைந்த வரியை விதித்து, மரம் வெட்டும்போது மீதியைப் பெற்றுக்கொண்டது. பைன் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதை முந்தைய வரிமுறை கணக்கில் கொள்ளவே இல்லை.

மூன்றாவது துணை வரைபடம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அண்டை மாநிலமான மிச்சிகன் 1922இல் தொடங்கிய நிலப் பொருளியல் அளவாய்வைப் பின்பற்றி, 1920களின் இறுதியில் விஸ்கான்சினும் தன் நிலப் பொருளியல் கணக்கெடுப்பைத் தொடங்கியது. இதை நடத்திய ஜான் போர்ட்னரின் பெயரால் போர்ட்னர் அளவாய்வு என்றே இது அறியப்படுகிறது. களப்பணியாளர் காட்டினூடே நேர்க்கோட்டில் நடந்து, திசைகாட்டியின் துணையோடு, தாம் கண்டதைத் தாளில் குறித்தனர். எம்மரம், எவ்வளவு அடர்த்தி, அடிமரத்தின் விட்டம் எவ்வளவு, எது சதுப்பு, எது பயிர்நிலம், எந்த வீட்டில் ஆள் இருக்கிறார், எது கைவிடப்பட்டது, பள்ளி எங்கே என எல்லாவற்றுக்கும் ஒரு குறியீடு இருந்தது.

அந்தக் குறிப்புகள் பதிந்த கட்டம் புதியதன்று. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அமெரிக்க நிலத்தைச் சதுர மைல்களாகப் பிரித்தது. ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். அதைப் பதினாறாகப் பிரித்தால் 40 ஏக்கர். வாங்குவதும் விற்பதும் வரி விதிப்பதும் அந்த நாற்பதின் கணக்கிலேயே நிகழ்ந்தன. கணக்கெடுப்பும் அக்கட்டத்தின் மீதே அமர்ந்தது. பின்னர் மண்டல எல்லைகளும் அதே கோடுகளைத் தொடர்ந்தன.

தோற்றத்தில் இவ்வரைபடம் வெறும் வருணனை. இங்கே இது இருக்கிறது, அங்கே அது இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. ஆனால் மண்டல வரைபடம் ஏவல் வாக்கியம்: இங்கே இது இருக்க வேண்டும், வேறொன்று இருக்கக் கூடாது. முதல் வரைபடத்திலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் தொலைவு மிகச் சிறியது போலத் தோன்றும். வகைப்பெயர்கள் ஒன்றாக இருப்பதே அதற்குக் காரணம். 'காடு' என்ற சொல் கணக்கெடுப்பில் ஒரு காட்சி. ஒழுங்குவிதியில் அதே சொல் ஒரு தடை.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். ஒனைடாவின் சட்டம் மேலிருந்து திணிக்கப்பட்டதன்று. பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர் வால்டர் ரோலண்ட்ஸ் போன்றோர் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தினர். வரைபடங்களைச் சுவரில் மாட்டி விளக்கினர். ஊர் மன்றம் ஒப்புதல் அளித்தால்தான் அவ்வூரில் விதி செல்லும். ஏற்கெனவே குடியிருப்போரை வெளியேற்றவும் அது ஆணையிடவில்லை. இருப்பவர் இருக்கலாம், ஆனால் பயன்பாட்டைக் கைவிட்டால் மீண்டும் தொடங்க முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் வட விஸ்கான்சினின் இருபதுக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இதே வழியைப் பின்பற்றின. 1930களின் பிற்பாதியில் மத்திய அரசின் நிதியைக் கொண்டு தனித்திருந்த குடியேறிகளின் நிலத்தை வாங்கி அவர்களை இடம்பெயர்க்கும் திட்டமும் சேர்ந்துகொண்டது.

பயனும் இல்லாமலில்லை. வரியின்றிக் கிடந்த நிலங்கள் கவுண்டிக் காடுகளாயின. இன்று விஸ்கான்சினில் முப்பது கவுண்டிகளில் ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர் பொதுக்காடு உள்ளது. வெட்டித் தீர்ந்ததாகக் கருதப்பட்ட நிலத்தில் மீண்டும் மரம் நிற்கிறது. அந்தத் தலைமுறைத் திட்டமிடலாளரை வில்லன்களாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. அது வரலாற்றுக்கும் பொருந்தாது.

ஆயினும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன.

முதல் கேள்வி, குடியேறிகள் தோற்றவர்களா என்பது. ராபர்ட் காஃப் 1997இல் வெளியிட்ட சமூக வரலாற்று நூல் இதை மறுபரிசீலனை செய்தது. அக்குடும்பங்கள் சிறிது பயிரிட்டன, சில மாடுகள் வளர்த்தன, குளிர்காலத்தில் மரம் வெட்டும் கூலிக்குச் சென்றன, வேட்டையாடின, காட்டுப்பழம் பறித்தன. சந்தைக்கு விளைவிக்கும் பண்ணையையே பண்ணை என்று கருதிய அறிஞர்களின் கண்ணுக்கு இது தோல்வியாகத் தெரிந்தது. வாழ்ந்தவர்களுக்கு இது வாழ்க்கை. இதோடு நான் சேர்க்க விரும்புவது வரைபடத்தின் இலக்கணம் பற்றிய ஒரு குறிப்பு. ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு வகைதான் என்று விதித்துவிட்டால், பல நிலங்களில் பல பருவங்களில் சிறிது சிறிதாகப் பிழைக்கும் வாழ்க்கைக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. அவர்கள் வெட்டிய திருத்தம் மட்டும் 'பயிர்நிலம்' என்று சிறு புள்ளியாகத் தெரியும்; அவர்களைத் தாங்கிய காடு 'காடு' என்று தனியே நிற்கும். அப்புள்ளி காட்டுக்குள் தவறுதலாக விழுந்ததுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. தவறைச் செய்தவர் பட்டியலில், கையேடு எழுதிய பல்கலைக்கழகம் இடம்பெறவில்லை. 1896இல் வாருங்கள் என்று அழைத்த அதே நிறுவனத்தின் அறிஞர்களே, ஒரு தலைமுறைக்குள் நீங்கள் வந்தது பிழை என்று வரைபடத்தோடு வந்து விளக்கினர்.

இரண்டாம் கேள்வி அதனினும் பழையது. கவுண்டியின் பெயரையே பாருங்கள். ஒனைடா மக்கள் நியூயார்க் பகுதியிலிருந்து 1820களில் விஸ்கான்சினுக்கு வந்தவர்கள். அவர்களுடைய நிலம் தெற்கே கிரீன் பே நகரை ஒட்டியுள்ளது, இக்கவுண்டியில் இல்லை. இங்கு வாழ்ந்தவர்கள் ஒஜிப்வே மக்கள். ஒனைடா மொழி இரோகுவாய் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஜிப்வே அல்கோன்குவியன் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கும் சந்தாலிக்கும் உள்ள தொலைவு போன்றது அது. அந்நிலத்துக்குரிய மக்களின் பெயரைக்கூடக் கவுண்டி எல்லையை வரைந்தவர்கள் சரியாக இடவில்லை. கவுண்டியின் வட ஓரத்தைத் தொடும் லக் டு ஃபிளாம்போ ஒதுக்கீட்டு நிலத்தின் ஒஜிப்வேப் பெயர் வாஸ்வாகனிங்; தீப்பந்த ஒளியில் மீன் பிடிக்கும் இடம் என்பது பொருள். பிரெஞ்சுப் பெயரும் அப்பந்தத்தையே சுட்டுகிறது. நிலப்பயன்பாட்டை ஓர் ஊர்ப்பெயர் இதைவிடத் துல்லியமாகக் கூறிவிட முடியாது.

1837, 1842 ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் ஒஜிப்வே மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், அதில் வேட்டையாடும், மீன்பிடிக்கும், விளைபொருள் சேகரிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். கணக்கெடுப்பின் குறியீட்டுப் பட்டியலில் காட்டரிசி சேகரிக்கும் உரிமை ஒரு 'பயன்பாடு' அன்று. காடு, ஏரி, சதுப்பு என்பவை மட்டுமே உண்டு. அவ்வுரிமை இன்றும் உயிருள்ளது என்று 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அவர்கள் மீன்பிடிக்கச் சென்ற படகுத்துறைகளில் எதிர்ப்பாளர் கூட்டம் திரண்டது. வரைபடத்தில் இல்லாத உரிமை, அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் புதிய சலுகையாகத் தோன்றியது.

இதை நான் எழுதக் காரணம் நம் அலமாரியிலும் உள்ளது. 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் வரி விதிக்கப்படாத நிலத்தைக் குறித்தது. மேய்ச்சல் நிலமும் மந்தையும் குளக்கரையும் அதனுள் அடங்கும். வரி தராதது பயன் தராதது என்று பொருள் நழுவி, இன்று அச்சொல் மனிதரை ஏசும் சொல்லாகிவிட்டது. 1985இல் நடுவணரசு தரிசுநில மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. 2000இல் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியின் முதல் பதிப்பு வந்தது. தக்காணத்திலும் மேற்கிந்தியாவிலும் ஆடுமாடு மேய்ப்போர் நாளும் பயன்படுத்தும் புல்வெளிகள் இவ்வகைப்பாட்டில் தரிசு என விழுவதைச் சூழலியலார் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். செயற்கைக்கோள் புல்லைக் காணும். மேய்ப்பவரின் பருவத்தைக் காணாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலப்பயன்பாட்டு அட்டவணை ஒன்றை உங்கள் ஆய்வேட்டில் சேர்க்கும்போது, அதன் எண்களைச் சரிபார்ப்பதோடு அதன் வகைப்பெயர்களையும் விசாரியுங்கள். இப்பெயரை இட்டவர் யார், எந்தத் தேவைக்காக இட்டார், இந்தப் பட்டியலில் சொல்லே இல்லாத பயன்பாடு எது என்று கேளுங்கள். நிலத்தோடு வாழும் ஒருவரிடம் அந்நிலத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயரைக் கேட்டு, அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒனைடாவில் கணக்கெடுத்தவர்கள் மரத்தின் விட்டத்தைக்கூட அளந்தார்கள். அந்த உழைப்பில் குறை காண இடமில்லை. அளக்கத் தொடங்குவதற்கு முன்பே பட்டியல் முடிவாகிவிட்டது என்பதுதான் குறை.