குளுக்கோஸ் சென்சார் ஒட்டிய இடத்தில் தோல் பாதிப்பு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியின் சென்சார், மேற்கையின் பின்புறத்திலோ வயிற்றிலோ பசையால் ஒட்டப்படுகிறது. அதன் மெல்லிய இழை, தோலுக்கு அடியிலுள்ள திசுத் திரவத்தில் குளுக்கோஸ் அளவைக் கண்டறிகிறது. ஒரு சென்சார், வகையைப் பொறுத்து, பெரும்பாலும் 10 முதல் 15 நாட்கள் வரை தொடர்ந்து அணியப்படுகிறது. பசை, வியர்வை, உராய்வு ஆகியவற்றால் அவ்விடத்தில் சிவத்தலும் அரிப்பும் தோன்றலாம். இதற்காகக் கண்காணிப்பையே கைவிட வேண்டியதில்லை. எவ்வகைப் பாதிப்பு என அறிந்து, அதற்கேற்பச் செயல்படுவதே முறையாகும்.

எரிச்சலா, ஒவ்வாமையா, தொற்றா?

• எரிச்சல்: சிவத்தல் பசை ஒட்டிய எல்லைக்குள்ளேயே இருக்கும். சென்சாரை அகற்றியபின் சில நாட்களில் தானாகவே குறையும்.

• ஒவ்வாமை: கடும் அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் ஆகியவை தோன்றி, பசையின் எல்லையைத் தாண்டியும் பரவலாம். பல மாதங்கள் தொல்லையின்றி அணிந்தவருக்கும் இது புதிதாக வரக்கூடும். அதன்பின் ஒவ்வொரு புதிய சென்சாருக்கும் மீண்டும் தோன்றும். சில சென்சார்களில் கண்டறியப்பட்ட ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்னும் வேதிப்பொருள் இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

• தொற்று: வலி, வீக்கம், சூடு நாளுக்கு நாள் கூடும். சீழ் வடியலாம், காய்ச்சலும் வரலாம்.

ஒட்டுவதற்கு முன்

• ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். தழும்பு, புண், தடிப்பு உள்ள இடத்தைத் தவிருங்கள்.

• அவ்விடத்தை மென்மையான சோப்பினால் கழுவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், பவுடர், களிம்பு ஆகியவற்றின் படிவு இருக்கக்கூடாது.

• ரோமம் மிகுதியாக இருந்தால் கத்தரித்துவிடுங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏற்பட்டு எரிச்சல் கூடும்.

• ஸ்பிரிட் பஞ்சினால் துடைத்தபின், முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்டுங்கள்.

அகற்றும்போது

சென்சாரை வேகமாகப் பிடுங்காதீர்கள். பசையின் ஓரத்தில் சிறிது எண்ணெய் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். பின்னர் ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள். எஞ்சிய எண்ணெயைச் சோப்பினால் கழுவிவிடுங்கள். அவ்விடம் முழுமையாக ஆறும்வரை மற்றொரு சென்சாரை அங்கே ஒட்டாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• புண்ணின்மீது மஞ்சள், பற்பசை, சுண்ணாம்பு போன்றவற்றைப் பூசாதீர்கள்.

• மருத்துவர் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தினால் தோல் மெலியும்; தொற்று இருந்தால் அது பெருகவும் கூடும்.

• சென்சாருக்கு அடியில் வேறு பிளாஸ்திரியையோ பாதுகாப்புப் படலத்தையோ நீங்களாகவே ஒட்டாதீர்கள். அளவீடு பிழையாகலாம்.

• அரிப்பைத் தாங்கிக்கொண்டு அதே வகைச் சென்சாரைத் தொடர்ந்து அணியாதீர்கள்.

சென்சார் இல்லாத நாட்களில் மிகுந்த கவனம்

சென்சாரை அகற்றினால், சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் ஒலியும் இராது. எனவே இன்சுலின் மருந்தையோ மாத்திரையையோ நிறுத்தாமல், குளுக்கோமீட்டரில் விரல் நுனி இரத்தத்தைப் பரிசோதித்து வாருங்கள். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் உணவுக்கு முன்பும் உறங்கச் செல்லும் முன்பும் பரிசோதிப்பது அவசியம். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே பரிசோதியுங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்குச் சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். மயங்கியவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குழந்தைகள் அரிப்பைச் சொல்லத் தெரியாமல் சென்சாரைப் பிய்த்துவிடக்கூடும். பெற்றோர் நாள்தோறும் அவ்விடத்தைப் பார்த்தல் வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

கொப்புளம், நீர்க்கசிவு, ஒரு வாரத்திற்கும் மேல் ஆறாத தடிப்பு, ஒவ்வொரு சென்சாருக்கும் திரும்பத் தோன்றும் அரிப்பு ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரை அணுகுங்கள். பயன்படுத்திய சென்சாரின் பெயரையும் தடிப்பின் ஒளிப்படத்தையும் காட்டுங்கள். ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருளை பேட்ச் பரிசோதனை மூலம் அறிந்து, வேறு வகைச் சென்சாரைத் தேர்ந்தெடுக்க இயலும். சீழோ காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு புண்ணும் விரைவில் பெரிதாகலாம்.