வீடுமாற்றமும் சொத்துறவும்: யாழ்ப்பாணக் குடாநாடு குறித்த ஒரு நோக்கு

லடிஸ்லாவ் ஸ்மோல்யாக்கும் ஸ்டெனெக் பொட்ஸ்கால்ஸ்கியும் இயக்கிய ‘கோள மின்னல்’ என்னும் செக் நகைச்சுவைத் திரைப்படம் 1978இல் உருவானது. பிராக் நகரின் 12 குடும்பங்கள் ஒரே நாளில் தம் வீடுகளை மாற்றிக்கொள்வதே அதன் கதை. சட்டத்தரணி ஒருவர் வகுக்கும் இத்திட்டத்தில், ஒரு குடும்பம் பின்வாங்கினும் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். நகைச்சுவை இந்நிச்சயமின்மையிற் பிறக்கின்றது.

இச்சங்கிலிக்கு அடிப்படையான சொத்துறவு யாது என்பதே எமது வினா. அன்றைய செக்கோசிலவாக்கியாவின் நகரக் குடியிருப்புகள் பல அரசுக்கோ கூட்டுறவுகளுக்கோ உரியவை. குடியிருந்தோர் பெற்றிருந்தது பயன்படுத்தும் உரிமை. அதனை விற்க இயலாது. அதிகாரிகளின் ஒப்புதலுடன் மாற்றிக்கொள்ள இயலும். சோசலிச அரசிலும் வீட்டுப் பற்றாக்குறை தீராதிருந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது. வீடுமாற்றம் புதிய வீடு எதனையும் ஆக்குவதில்லை.

யாழ்ப்பாணத்தில் வீட்டின் வரலாறு வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக் தொகுத்த தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படும் சமூகத்தில் வீடு கைமாறுதற்குரிய பிரதான வாயில் திருமணமாயிற்று. இரு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுக் கலியாணத்தில் சீதனச் சுமை இருபுறமும் ஈடாயிற்று. ஆயின் இச்சங்கிலி சாதிக்குள்ளேயே வளைந்து மூடிக்கொண்டது. காணியற்றோர் அதற்குப் புறத்தே நின்றனர்.

போர் மற்றொரு சங்கிலியைத் தோற்றுவித்தது. 1990 யூன் முதல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயரத் தொடங்கினர். ஒருவர் விட்டகன்ற வீட்டில் இன்னொருவர் தங்கினார். அவரது வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தது. இம்மாற்றத்துக்கு உறுதியும் இல்லை, எவரது ஒப்புதலும் இல்லை.

வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் 2013 ஏப்ரலில் வெளியாயிற்று. 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. உறுதி வைத்திருந்தோர் தம் வளவைத் தேடிச் சென்றனர். முகாம்களில் எஞ்சியோருட் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சார்ந்த காணியற்றோர். வேலி அகற்றப்பட்டாலும் திரும்புவதற்கு அவர்களுக்கென ஒரு வளவு இல்லை.

இங்குதான் மீள்குடியேற்றம் என்னும் கருத்தாக்கத்தின் வர்க்கப் பண்பு வெளிப்படுகின்றது. உடைமையாளர் தம் உடைமையை மீளப் பெறுதல் நியாயமே. அது நிறைவேறியே ஆகவேண்டும். ஆனால், அதனையே மீள்குடியேற்றத்தின் முழுப்பொருளாகக் கொள்வோமாயின், போருக்கு முன்னிருந்த ஏற்றத்தாழ்வையே மீளக் குடியமர்த்தியோராவோம். குடியிருக்கும் உரிமையைக் காணியுறுதியிலிருந்து வேறாக்கி நோக்குதலும், காணியற்றோர்க்குக் காணி வழங்குதலும் இன்றி இச்சங்கிலியின் இறுதிக் கண்ணி பொருந்தப்போவதில்லை.