பனிக்காலம் போட்டுவிட்டுப் போன மண்

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். பனியுகம் முடிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அதன் தூவானம் விடாத கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1929 நவம்பர் 18, திங்கட்கிழமை. இடம் நியூஃபவுண்ட்லாந்து. இன்று அது கனடாவின் பகுதி. அன்று பிரிட்டிஷ் முடியின் கீழ் தனி நாடு. அதன் தென்கரையில் உள்ள பியூரின் தீபகற்பத்தில் மாலை 5 மணிக்குப் பூமி அதிர்ந்தது. சுமார் 250 கிலோமீட்டர் தெற்கே, கடலுக்கடியில் 7.2 அளவிலான நிலநடுக்கம். வீடுகள் விழவில்லை. மீனவ மக்கள் நிம்மதியாக இரவு உணவுக்கு உட்கார்ந்தார்கள்.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கடல் உள்வாங்கியது. பிறகு அலைகள் வந்தன. குறுகிய குடாக்களில் நீர் 13 மீட்டர் உயரம்வரை ஏறியது. 40-க்கும் மேற்பட்ட கிராமங்கள் பாதிக்கப்பட்டன. 28 பேர் இறந்தார்கள். மரவீடுகள் அப்படியே கடலுக்குள் மிதந்து போயின. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உணவும் விறகும் போயின. மறுநாள் பனிப்புயல். உதவி கேட்கலாம் என்றால், முன்பே அடித்த புயலில் தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. வானொலித் தந்தி வசதியுள்ள கப்பல் ஒன்று வழக்கம்போல் அங்கு வந்த பிறகுதான், மூன்று நாள் கழித்து, தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குச் செய்தி எட்டியது.

அதே இரவில் கடலடியில் இன்னொரு மர்மம் நடந்தது. அட்லாண்டிக் கடலின் தரையில் கிடந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே அறுந்தன. ஆனால் தெற்கே, ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தபோது 13 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பூமி அதிர்ந்துதான் அறுந்தது என்றால், இத்தனை நேரம் ஏன்?

விடை 1952-இல் வந்தது. புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள், கம்பிகள் அறுந்த நேரங்களையும் அவற்றின் இடைத்தூரத்தையும் ஒப்பிட்டார்கள். நம் பள்ளிக் கணக்குதான்: தூரம் வகுத்தல் நேரம். சரிவில் பெயர்ந்த மண், நீரோடு கலந்து, கனத்த சேற்று வெள்ளமாகக் கடல்தரையில் ஓடியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிக வேகம்! அது கொண்டுபோய்க் கொட்டிய மண் சுமார் 200 கன கிலோமீட்டர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த அலைகளை எழுப்பியதிலும் இந்தச் சரிவுக்கே பெரும்பங்கு.

அவ்வளவு மண் அங்கே எப்படி வந்தது? பனியுகம் போட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவை மூடியிருந்த பனிப்பாளம், லாரன்சியன் கால்வாய் என்ற பெரும்பள்ளத்தைக் கடலடியில் குடைந்தபடி கண்டத்திட்டின் விளிம்புவரை நீண்டது. வழியில் அரைத்த பாறையையும் களிமண்ணையும் அங்கே சரிவில் கொட்டியது. பனி உருகியபோது ஓடிய வெள்ளம் மேலும் மணலையும் சரளையையும் சேர்த்தது.

மண் மெதுவாகப் படிந்தால் இடையிலுள்ள நீர் வெளியேறி இறுகும். அவசரமாகக் குவிந்தால் நீர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது மேலே உள்ள பாரத்தை மண்துகள்களோடு நீரும் தாங்கி நிற்கும்; பிடிமானம் குறையும். ஓர் அதிர்ச்சி போதும், சரிவு புறப்பட்டுவிடும்.

நார்வே கரைக்கு அப்பால் இதைவிடப் பெரிய சரிவு ஒன்று சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பெயர் ஸ்டோரெக்கா. பனியுகங்களுக்கு இடைப்பட்ட காலங்களில் மென்களிமண் படிந்திருந்தது; அதன்மேல் பனிப்பாளம் கனத்த மண்ணை ஏற்றியது. பனிப்பாரம் நீங்கி நிலம் மேலெழும்பியபோது உண்டான நிலநடுக்கம் அதை உலுக்கியிருக்க வேண்டும். வழுக்கிய தளம் அந்த மென்களிமண்தான். அன்றைய அலை விட்ட மணல், ஸ்காட்லாந்தின் சதுப்புகளில் ஒரு படலமாக இன்றும் இருக்கிறது.

1997-இல் அந்தச் சரிவின் தழும்புக்குள்ளேயே ஓர்மன் லாங்கே என்ற பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எடுக்கலாமா? மீண்டும் சரிந்தால் கரையோர மக்கள் கதி என்ன? கடலடியைத் துளைத்து, மண்ணின் வலிமையையும் உள்நீரின் அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். சரியக்கூடிய மண் ஏற்கெனவே சரிந்துவிட்டது, அதே அளவு மீண்டும் குவிய இன்னொரு பனியுகம் வேண்டும் என்பது முடிவு. 2007-இல் உற்பத்தி தொடங்கியது.

ஆனால் எல்லாச் சரிவும் இப்படி இறக்கி வைத்த சுமை அல்ல; ஏற்றிய மண்ணோடு நிற்பவையும் உண்டு. நாம் இப்போது பேசிக்கொள்ளும் இணையமும் கடலடிக் கம்பிகள் வழியாகத்தான் ஓடுகிறது. கம்பி போடுமுன் அடியில் உள்ள மண்ணின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதே அந்த 12 கம்பிகள் சொல்லித் தந்த பாடம்.

கப்பலிலும் கேபிள் துறையிலும் இருக்கும் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.