ஊக்கமும் மருந்தும்: பேராக் தந்த இரு பாடங்கள்

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். முன்னது 60ஆவது, பின்னது 95ஆவது. ஒன்று உள்ளத்தில் பிறப்பது. மற்றொன்று உடற்பிணி தீர்க்கப் புறத்திருந்து வருவது. இவ்விரண்டையும் ஒட்டி 'ஊக்கமருந்து' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டது நம் காலம். போட்டியில் வெல்வதற்கென உட்கொள்ளும் தடைசெய்யப்பட்ட பொருள்களையே அச்சொல் குறிக்கின்றது. அதன் வரலாற்றில் பேராக் மாநிலத்துக்கும் இடமுண்டு.

கோலகங்சாரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் மணி ஜெகதீசன். மருத்துவம் பயின்றுகொண்டே ஓட்டத்திலும் சிறந்தமையால் 'பறக்கும் மருத்துவர்' எனப் பெயர் பெற்றார். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

அவர் ஓடிய ஒலிம்பிக் போட்டிகள் மூன்று. அவை ஊக்கமருந்து வரலாற்றோடு இணைந்து செல்லுதல் கருதத்தக்கது. 1960இல் உரோம் நகரில் டென்மார்க்கு நாட்டு மிதிவண்டி வீரர் ஒருவர் போட்டியிடையே வீழ்ந்து இறந்தார். கடும் வெயிலே காரணம் என்பாரும், மருந்தே காரணம் என்பாரும் உளர். எனினும் அச்சம் பரவிற்று. 1964இல் தோக்கியோவிலும் ஒலிம்பிக் சோதனை ஏற்படவில்லை. 1968இல் மெக்சிக்கோவில்தான் கோடைக்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சோதனை நடைபெற்றது. முதலில் அகப்பட்டவர் சுவீடன் நாட்டவர். கண்டறியப்பட்ட பொருள் மது. அவருடைய அணி வெண்கலப் பதக்கத்தை இழந்தது. அதே மெக்சிக்கோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள், அதாவது 2017 வரை, நிலைத்து நின்றது.

ஓட்டக்களத்தை விட்ட பின்னும் அவர் விளையாட்டை விடவில்லை. ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராக அமர்ந்து, ஊக்கமருந்தைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். ஓடியவரே காவலரானார்.

இரண்டாம் பாடம் பாகான் செராயில் பிறந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய் அவர்களுடையது. 2014ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் அவரிடம் எடுத்த மாதிரியில் டெக்சாமெத்தசோன் காணப்பட்டது. வீக்கம் தணிக்க மருத்துவர்கள் தரும் மருந்தே அது. போட்டிக் காலத்தில் மட்டும் தடையுள்ளது. அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் என்னும் காளான் மருந்தின் உறை வழியே அது உடலிற் புகுந்தது என்பதை விசாரணைக் குழு ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்றும் கூறிற்று. ஆயினும் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. வெள்ளிப் பதக்கமும் பறிபோயிற்று. தடை முடிந்து திரும்பிய அவர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் மீண்டும் வெள்ளி வென்றார்.

குற்றமற்ற உள்ளத்தார்க்குத் தண்டனை ஏன் என்று கேட்கத் தோன்றும். உடலிற் புகும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது விதி. எண்ணத்தை அளக்கக் கருவி இல்லை. மாதிரியை ஆராயக் கருவி உண்டு. 'அறியாமல் உண்டேன்' என்ற சொல் ஒன்றே போதுமாயின், தெரிந்து உண்டவரும் அதனையே கூறித் தப்புவர். நேர்மையாய் ஓடியவர் தோற்பர். விதியின் கடுமை அந்த நேர்மையாளரைக் காப்பதற்கே. நோய்க்குத் தடைமருந்து தேவைப்படின் முன்னரே இசைவு பெறவும் வழியுண்டு.

ஈப்போவிலும் பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஊர்களிலும் மாணவரை ஓட்டத்துக்குப் பழக்கும் தமிழாசிரியர்கள் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். முதலாவது ஊக்கத்தின் ஆற்றலை உணர்த்தும். இரண்டாவது, சத்து மாத்திரையாயினும் நாட்டு மருந்தாயினும் கேட்டறியாமல் வாயிலிடலாகாது என்பதைக் கற்பிக்கும்.