லெஸ், ஃப்யூவர்: ஆங்கில இலக்கண விதியொன்றின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணத்தகு பெயர்களுக்கு முன் 'ஃப்யூவர்' என்பதையும், எண்ணலாகாப் பெயர்களுக்கு முன் 'லெஸ்' என்பதையும் பயன்படுத்த வேண்டும் என்பது ஆங்கில இலக்கண நூல்கள் பரவலாக வலியுறுத்தும் விதி. இவ்விதி மொழியின் தொன்மையான அமைப்பிலிருந்து வந்ததா, பிற்காலத்தில் வகுக்கப்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய ஆங்கிலத்தின் வேற்றுமை அமைப்பு, அதன் சிதைவு, 18ஆம் நூற்றாண்டின் இலக்கணச் சூழல் ஆகியவற்றின் வழியே இவ்வினாவுக்கு விடை காணப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரையறைச்சொல், முன்னிடைச்சொல், எண்ணலாகாப் பெயர், உடைமை வேற்றுமை, விதிப்பு இலக்கணம்.

முன்னுரை

ஆங்கிலப் பெயர்த்தொடரில் பெயருக்கு முன் நின்று அதன் குறிப்பையோ அளவையோ வரையறுக்கும் சொற்கள் வரையறைச்சொற்கள் எனப்படும். 'த', 'எ', 'சம்', 'மெனி', 'மச்' முதலியன இவ்வகையின. இவற்றுள் 'மெனி', 'ஃப்யூ' ஆகியன நூல், மாணவர் போன்ற எண்ணத்தகு பெயர்களோடும், 'மச்', 'லிட்டில்' ஆகியன நீர், மணல் போன்ற எண்ணலாகாப் பெயர்களோடும் சேர்கின்றன. இவ்வேறுபாடு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பேச்சிலும் உறுதியாக நிற்கிறது. 'மச் புக்ஸ்' என்று அவர்கள் இயல்பாகக் கூறுவதில்லை. ஆனால் 'லெஸ் புக்ஸ்' என்று கூறுவோர் மிகப்பலர். ஒரே அமைப்பைச் சார்ந்தனவாகத் தோன்றும் இரு வழக்குகளுள் ஒன்று கற்பிக்காமலே நிலைத்திருக்க, மற்றொன்று தொடர்ந்து கற்பித்தும் நிலைகொள்ளாமைக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

பழைய ஆங்கிலத்தில் 'லேஸ்'

ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய ஆங்கிலம் பழைய ஆங்கிலம் எனப்படுகிறது. அது பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகளைக் கொண்டிருந்த மொழி. இன்றைய 'லெஸ்' என்பதன் முன்வடிவமான 'லேஸ்' அம்மொழியில் வினையடையாகவும் பெயர்த்தன்மை உடையதாகவும் வழங்கியது. அதனையடுத்து வரும் பெயர் உடைமை வேற்றுமையை ஏற்றது. 'வொர்ட்' என்னும் பெயரின் உடைமைப் பன்மை 'வொர்டா' ஆகும். எனவே 'லேஸ் வொர்டா' என்பதற்குச் 'சொற்களின் குறைந்த அளவு' என்பது நேர்ப்பொருள். ஆல்ஃபிரெட் அரசரின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் போயீத்தியசு மொழிபெயர்ப்பிலேயே இவ்வமைப்பு காணப்படுகிறது.

இவ்விடத்தில் 'லேஸ்' பின்வரும் பெயருக்கு அடையாக நிற்கவில்லை. அளவைக் குறிக்கும் தலைச்சொல்லாக நின்றது. ஆகவே பின்வரும் பெயர் எண்ணத்தகுவதா அன்றா என்பது அச்சொல்லின் தேர்வைத் தீர்மானிக்கவில்லை. 'பல' எனப் பொருள்படும் 'ஃபெலா' என்னும் சொல்லும் இவ்வாறே உடைமை வேற்றுமைப் பெயரை ஏற்றது.

விகுதிகளின் மறைவும் முன்னிடைச்சொல்லின் எழுச்சியும்

இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லீற்று உயிர்கள் மெலிந்து, பின்னர் ஒலிக்கப்படாமலே போயின. உடைமைப் பன்மையைக் காட்டிய '-ஆ' என்னும் ஈறும் அவற்றோடு மறைந்தது. விகுதிகள் ஆற்றிய பணிகளுட் பலவற்றை முன்னிடைச்சொற்கள் ஏற்றன. பொருளின் ஒரு பகுதியைச் சுட்டும் பணி 'ஆஃப்' என்பதற்கு வந்து சேர்ந்தது. 'ஒரு கிண்ணம் தேநீர்' என்று தமிழில் உருபின்றியே அமையும் தொடர், ஆங்கிலத்தில் 'எ கப் ஆஃப் டீ' என 'ஆஃப்' பெற்று வருவது இம்மாற்றத்தின் விளைவாகும். எண்ணலாகாப் பெயரை எண்ணுதற்கு அளவுப்பெயரும் 'ஆஃப்' என்பதும் இன்று இன்றியமையாதனவாகிவிட்டன.

எனினும் எல்லாத் தொடர்களிலும் 'ஆஃப்' புகவில்லை. விகுதி மட்டும் மறைய, இரு பெயர்களும் அடுத்தடுத்து நின்ற தொடர்களும் எஞ்சின. ஆறடி உயரமுடையவனைக் குறிக்கும் 'சிக்ஸ்-ஃபுட் மேன்' என்பதில் 'ஃபீட்' என்னும் பன்மை வராமைக்கு, பழைய உடைமைப் பன்மையான 'ஃபோடா' என்பது ஈறிழந்து 'ஃபுட்' என நின்றமையே காரணமாகக் காட்டப்படுகிறது. 'லேஸ் வொர்டா' என்பதும் இவ்வாறே ஈறிழந்து, பின்னர்ப் பொதுப் பன்மை விகுதியான '-ஸ்' பெற்று, 'லெஸ் வொர்ட்ஸ்' ஆயிற்று. உடைமை வேற்றுமை கண்ணுக்குப் புலனாகாமற் போனபின், தலைச்சொல்லாக இருந்த 'லெஸ்' பெயருக்கு அடையாக நிற்கும் வரையறைச்சொல்லாகக் கருதப்படலாயிற்று. இக்காலத்தார் பிழையெனக் கருதும் தொடர், இங்ஙனம் பழைய ஆங்கிலத்திலிருந்து தொடர்ந்து வரும் மரபுடையதாகிறது.

மறைந்த இரு வேறுபாடுகள்

'லெஸ்' என்பதன் மறுதலையான 'மோர்' என்பதன் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் 'மா' என்பது 'லேஸ்' போன்றே உடைமை வேற்றுமைப் பெயரை ஏற்றது. 'மாரா' என்பது 'பெரிய' என்னும் பொருளில் பெயரடையாக வழங்கியது. இவற்றிலிருந்து முறையே 'மோ', 'மோர்' என்னும் வடிவங்கள் தோன்றின. தொடக்கநிலை நவீன ஆங்கிலத்தில் 'மோ' எண்ணிக்கைக்கும் 'மோர்' அளவுக்கும் உரியனவாகப் பெரும்பாலும் வேறுபட்டு நின்றன. 17ஆம் நூற்றாண்டில் 'மோ' பொதுவழக்கிலிருந்து விலக, 'மோர்' இரண்டிற்கும் பொதுவாயிற்று.

'போதிய' எனப் பொருள்படும் 'இனஃப்' என்பதற்கும் 'இனௌ' என்றொரு பன்மை வடிவம் இருந்தது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி அதனைப் பன்மையாகவே பதிவு செய்துள்ளது. பின்னர் அதுவும் வழக்கொழிந்தது. ஆங்கிலம் ஒப்பீட்டு, அளவுச் சொற்களில் எண்ணத்தகு, எண்ணலாகா வேறுபாட்டைக் கைவிட்டுவந்த போக்கிற்கு இவ்விரண்டும் சான்றுகள். 'லெஸ்' என்பதில் மட்டும் அவ்வேறுபாடு வற்புறுத்தப்பட்டமை இப்போக்கிற்கு எதிரானதாகும்.

1770: ஒருவரின் விருப்பம்

இவ்வேறுபாட்டைக் குறித்து அறியப்படும் மிகப் பழைய கருத்து, ராபர்ட் பேக்கர் 1770இல் வெளியிட்ட ஆங்கில மொழி பற்றிய சிந்தனைகள் என்னும் நூலில் உள்ளது. பிரெஞ்சு மொழி குறித்து வோழ்லா 1647இல் வெளியிட்ட குறிப்புகளின் முறையைப் பின்பற்றியது அந்நூல். எண்ணிக்கையைக் குறிக்க 'லெஸ்' பெருவழக்காக இருப்பதைப் பேக்கர் ஒப்புக்கொள்கிறார். அவ்விடத்தில் 'ஃப்யூவர்' மேலானது எனத் தமக்குத் தோன்றுவதாகவும், நூறு என்னும் எண்ணோடு வருங்கால் அதுவே நயமும் பொருத்தமும் மிக்கது எனவும் கூறுகிறார்.

இக்கூற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பேக்கர் காலத்துப் பெருவழக்கு 'லெஸ்' என்பதற்கே சார்பாக இருந்தது. இரண்டாவது, அவர் கூறியது விதியன்று, தம் விருப்பமே.

விருப்பம் விதியாதல்

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தை நிலைப்படுத்தும் முயற்சிகள் மிகுந்த காலம். தொடரிறுதியில் முன்னிடைச்சொல் நிற்றல் பற்றிய விதியும் இத்தகைய வளர்ச்சியே பெற்றது. 1672இல் ஜான் டிரைடன் பென் ஜான்சனிடம் அதனைக் குறையாகக் காட்டினார். 1762இல் ராபர்ட் லௌத் அவ்வழக்கு உரையாடலில் இயல்பானது எனக் கூறி, உயர்நடைக்கு மட்டுமே வேறு முறையைப் பரிந்துரைத்தார். அவ்வழக்கை விளக்கும் தொடரையே முன்னிடைச்சொல்லில் முடித்தார். இம்மிதமான கருத்து பிற்காலப் பாடநூல்களில் முழுத்தடையாக இறுகியது. பேக்கரின் கருத்துக்கும் அதுவே நேர்ந்தது.

பேக்கரின் விருப்பத்திற்குத் தருக்கமுறையான தோற்றம் இருந்தமையும் அது பரவத் துணைசெய்தது எனலாம். 'ஃப்யூ' என்பதன் ஒப்பீடு 'ஃப்யூவர்'. 'லிட்டில்' என்பதன் ஒப்பீடு 'லெஸ்'. எனவே அடிச்சொற்களின் வேறுபாடு ஒப்பீட்டுச் சொற்களிலும் தொடர வேண்டும் என்று கருதுவது எளிது. ஆனால் 'மெனி', 'மச்' ஆகிய இரண்டிற்கும் 'மோர்' ஒன்றே ஒப்பீடாக வருவதை இத்தருக்கம் விளக்குவதில்லை.

விதிக்கு அடங்காத வழக்குகள்

இவ்விதியை ஏற்கும் இலக்கண நூல்களும் தொலைவு, காலம், பணம் ஆகியவற்றிற்கு விலக்கு அளிக்கின்றன. மைல், ஆண்டு, ரூபாய் ஆகிய மூன்றும் எண்ணத்தகு பெயர்களே. ஆயினும் 'ஐந்து மைலுக்கும் குறைவு' என்னும் பொருளில் 'லெஸ் தேன்' என்பதே ஏற்கப்படுகிறது. அங்கே கருதப்படுவது தனித்தனி மைல்களன்று, மொத்தத் தொலைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். அவ்வாறாயின் தேர்வைத் தீர்மானிப்பது பெயரின் வகையன்று. பேசுவோர் அதனைக் கருதும் முறையே என்றாகிறது.

பெயரின் வகையும் நிலையானதன்று. 'பீஸ்' என்பது பட்டாணியைக் குறிக்கும் பழைய சொல். அதன் ஈற்றிலுள்ள 'ஸ்' ஒலியைப் பன்மை விகுதியெனப் பிறழ உணர்ந்ததால், 17ஆம் நூற்றாண்டில் 'பீ' என்னும் புதிய ஒருமை பிறந்தது. திரளாகக் கருதப்பட்ட பொருள் எண்ணத்தகுவதாயிற்று.

2008இல் பிரித்தானியாவின் டெஸ்கோ பல்பொருள் அங்காடி, பத்துப் பொருள் அல்லது அதற்குக் குறைவு என்னும் தன் அறிவிப்பிலிருந்த 'லெஸ்' பற்றிய குறைகூறலைத் தொடர்ந்து, 'பத்துப் பொருள் வரை' என மாற்றியது. 'ஃப்யூவர்' என்பதை ஏற்காமல் இரு சொற்களையும் தவிர்த்தமை, விதிக்கும் வழக்கிற்கும் இடையிலான இழுபறி இன்றும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

'லெஸ்' என்பதை எண்ணத்தகு பெயரோடு வழங்குதல் மொழிச் சிதைவின் விளைவன்று. பழைய உடைமை வேற்றுமைத் தொடரின் எச்சமாகும். அதனை விலக்கும் விதியே பிற்காலத்தது. மரபைக் காப்பதாகக் கருதப்படும் விதி உண்மையில் மரபுக்குப் புறம்பானது என்பது இவ்வாய்வின் முடிபு.

இம்முடிபு கற்பித்தலுக்கும் பயன்படத்தக்கது. தமிழில் 'சில நூல்கள்', 'சிறிது நீர்' என அடைகள் வேறுபட்டாலும், 'குறைவான நூல்கள்', 'குறைவான நீர்' என ஒப்பீட்டில் ஒரே சொல் அமைகிறது. தமிழ் மாணவர் 'லெஸ் புக்ஸ்' என்று எழுதுங்கால் அதனைத் தாய்மொழித் தாக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஆங்கிலேயரும் அவ்வாறே வழங்கிவந்துள்ளனர். முறைசார் எழுத்தில் 'ஃப்யூவர்' எதிர்பார்க்கப்படுவதால் அதனைக் கற்பித்தல் வேண்டும். ஆனால் 'மச் புக்ஸ்' என்பதை மொழியமைப்பிற்கு மாறானது எனவும், 'லெஸ் புக்ஸ்' என்பதை நடைமரபிற்கு மாறானது எனவும் பிரித்தறிந்து கற்பித்தலே வரலாற்றுக்கு இயைந்ததாகும்.