கவர்னர்த்தனம்: வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒரு சொல்

நியூசிலாந்தில் 1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பமிட்ட வைத்தாங்கி உடன்படிக்கை மொழிபெயர்ப்புப் பிழையால் கெட்டது என்று ஆய்வாளருள் ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். ஆங்கிலப் படியில் இறையாண்மை என்றிருப்பது மாவோரிப் படியில் 'காவனதங்க' ஆயிற்று. அவசரமாக மொழிபெயர்த்த மிஷனரி ஹென்றி வில்லியம்ஸுக்கு வேறு சொல் அகப்படவில்லை என்பது அவர்கள் வாதம். இதை ஏற்பதற்கில்லை. மாவோரித் தலைவர்களின் 1835-ஆம் ஆண்டு விடுதலை அறிவிப்பை மாவோரியில் தந்தவரும் அவரே. அங்கே இறையாண்மையைச் சொல்ல 'மனா' என்ற சொல் வந்திருக்கிறது; ஆட்சிப்பணி என்ற குறுகிய பொருளுக்குத்தான் காவனதங்க. ஐந்தாண்டில் மனாவைக் காணோம். வேண்டுமென்றே விட்டாரா என்று அறுதியிடச் சான்று போதாது. மறந்திருப்பார் என்று மட்டும் நம்ப முடியவில்லை.

'காவன' என்பது கவர்னர் என்பதன் மாவோரி உச்சரிப்பு; 'தங்க' தன்மை குறிக்கும் விகுதி. தமிழில் கவர்னர்த்தனம் எனலாம். (ஒலி ஒத்திருப்பது தற்செயல், இதைக்கொண்டு யாரும் இனவுறவு தேடப் புறப்பட வேண்டாம்.) மிஷன் அச்சாளர் கொலென்சோ 1837-இல் அச்சிட்டு முடித்த மாவோரிப் புதிய ஏற்பாட்டில் பிலாத்துவும் ஒரு காவன. அவன் இருக்கும்போதே ஏரோதுக்கும் தலைமைக் குருக்களுக்கும் அவரவர் அதிகாரம் இருந்தது. உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவும் தலைமை அதிகாரமான 'ரங்கதிரதங்க'வைத் தலைவர்களிடமே விட்டுவைக்கிறது.

தலைவர்கள் இறையாண்மையைத் துறந்தனர் என்னும் எதிர்த்தரப்பு நம்புவது, உடன்படிக்கைக் கூட்டத்தைப் பற்றி அதே கொலென்சோ எழுதிய குறிப்பை. பிப்ரவரி 5 அன்று தலைவர் தே கேமாரா எழுந்து, சமமாக இருப்பதென்றால் யோசிக்கலாம், ஆளுநர் மேலே நான் கீழே என்றால் முடியாது என்று சொல்லி, விலங்கிட்டாற்போல் கைகளைப் பிணைத்துக் காட்டினார். தாழ்வு வருமென்று தெரிந்தே மறுநாள் ஒப்பமிட்டார், ஆகவே இறையாண்மையைத் துறந்தார் என்கின்றனர். இடையில் இன்னொரு தலைவர் தாமதி வாகா நேனே பேசியதை இவ்வாசிப்பு தாண்டிப்போகிறது. ஆளுநராக வந்த ஹாப்சன் தந்தையாக, நீதிபதியாக, சமாதானம் செய்பவராக இருக்கட்டும், எங்கள் நிலம் பறிபோக விடக்கூடாது என்றார் நேனே. கூட்டத்தின் போக்கை மாற்றியது அந்தப் பேச்சு. தே கேமாரா மறுத்த ஆளுநர் வேறு, நேனே அழைத்த ஆளுநர் வேறு. கையொப்பம் இரண்டாமவருக்கே என்று கொள்வதுதான் பொருந்தும்.

குறிப்பின் கனமான இடம் இன்னும் பின்னால் வருகிறது. முதல் ஒப்பமிடத் தலைவர் ஹோனே ஹேக்கேயை அழைத்தபோது கொலென்சோ குறுக்கிட்டு, இவர்களுக்கு இதன் ஷரத்துகள் விளங்கியிருக்கின்றனவா என்று ஹாப்சனைக் கேட்டார். விளங்காவிட்டால் அது என் குற்றமன்று, என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்ற பொருளில் வந்தது பதில். இக்குறிப்பு 1890-இல்தான் அச்சேறியது, நினைவு பிசகியிருக்கும் என்ற ஆட்சேபம் நிற்காது. அன்றைய குறிப்புகளே அதற்கு மூலம்.

நடந்தது வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று கொண்டால், சமரசம் நஷ்டஈட்டோடு முடிந்துவிடும். 1863-இல் மாவோரிப் பகுதியான வைக்கத்தோவில் அரசுப் படை புகுந்தது. அதன்பின் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் பறிமுதலாயிற்று. இதற்காக 1995-இல் சட்டம் இயற்றி, 17 கோடி டாலர் மதிப்பில் ஈடு தந்து, மன்னிப்பும் கேட்டார்கள். அரசியார் எலிசபெத் நேரில் ஒப்பமிட்டார். பறித்தது தவறு என்று அம்மன்னிப்பு சொல்கிறது. பறிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை அது தொடவில்லை. அந்தக் கேள்வியைத் தொட்டது, உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம்: 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட வடபுலத் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 2014-இல் அறிவித்தது. இறையாண்மை அரசிடமே உள்ளது, அதில் கேள்விக்கே இடமில்லை என்று உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைத் துறை அமைச்சர் பதில் சொல்லிவிட்டார்.